நீலக் கோட்டுக்குக் கீழே

நிஷிவாகி தோமோஎ எங்கள் ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குடுவைகள் கழுவ வந்தவர். இருபத்தாறு வருடம் கழித்து அவர் இறந்தபோதும் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் ‘பகுதி நேர உதவியாளர்’ என்றே இருந்தது. காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஏழுக்குப் போகிறவர் எப்படிப் பகுதி நேரம் ஆவார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் யாரையும் கேட்டதும் இல்லை. நான் கேட்காமல் விட்ட விஷயங்கள் நிறைய. அதில் இது சின்னது.

கியோத்தோவில், கமோ ஆற்றுக்குக் கிழக்கே, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். பாக்டீரியாவை வைத்துப் பிழைக்கிற கூட்டம். நிஷிவாகி-சான் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்து மூன்று வயது. கணவர் டாக்ஸி ஓட்டியவர், கல்லீரல் கெட்டு இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை. மைசுரு என்கிற கடலோர ஊரில் ஒரு தம்பி இருந்தார், வருடத்துக்கு ஒரு முறை கருவாடு அனுப்புவார், அன்றைக்கு மாடி முழுக்க அந்த வாசனைதான்.

கழுவ வந்தவர் என்றேன். ஆனால் அவருக்குக் கண் இருந்தது. ஒரு வருடத்தில் பாக்டீரியாவுக்குச் சத்து நீர் காய்ச்சக் கற்றுக்கொண்டார். குடுவையை முகர்ந்தே வேண்டாத கிருமி புகுந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். ஐந்தாவது வருடத்தில் மாடியில் உள்ள எல்லோருடைய ஜெல்லும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் அவரைக் கேட்டுக் கொடுக்கவில்லை. அவர் செய்தால் கிழியாது, அவ்வளவுதான்.

எங்கள் வேலையில் ஜெல் என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உறையவைத்த ஒரு மெல்லிய கூழ். அதன் தலையில் புரதங்களை ஊற்றி மின்சாரம் விட்டால் பெரியவை மேலேயே தங்கும், சிறியவை கீழே இறங்கும். கூடவே ஒரு நீலச் சாயம் ஓடும். நீலக் கோடு அடியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவோம். பிறகு ஜெல்லைக் காகிதத்தின் மேல் காயவைத்து, எக்ஸ்ரே பிலிமோடு பெட்டியில் பூட்டி வைப்போம். புரதங்களில் கொஞ்சம் கதிரியக்கம் ஏற்றியிருப்பதால் அவை பிலிமில் கறுப்புப் பட்டைகளாக விழும். அந்தப் பட்டைகளைப் பார்த்துத்தான் பட்டம், பதவி, சண்டை எல்லாம்.

நிஷிவாகி-சான் கழுவி எடுத்த பிலிம்கள் மாடியிலேயே சுத்தமானவை. ஓரத்தில் புகை படிந்ததுபோல் ஒரு மங்கல் இருக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சுவரில் அதைப் பார்த்துவிட்டு, “இது யார் கை?” என்று கேட்பார்கள். அவர் உள்ளுக்குள் பூரித்துப்போய், வெளியே, “ஸ்கேல் வெச்சு வெட்டினா யாருக்கும் வரும்” என்பார். சுத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. அன்றைக்கு எனக்கும் அதில் பெருமைதான்.

ஏனென்றால் அப்படி வெட்டச் சொன்ன விதியை எழுதியவன் நான். என் பெயர் கிதாவோ, அங்கே உதவி ஆசிரியன். புரதத்தோடு சேராத கதிரியக்கக் கழிவெல்லாம் நீலக் கோட்டோடு ஓடி ஜெல்லின் அடியில் குவியும். ஒரு தடவை யாரோ ஒரு மாணவன் அதை அப்படியே உலர்த்தியில் வைத்துவிட்டான். உலர்த்தி, மேசை, தரை எல்லாம் கறைபட்டு, கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து அறையை ஒரு மாதம் பூட்டிவிட்டார்கள். நான் நாலு அலுவலகங்களில் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்த கோபத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி உலர்த்திக்கு மேலே ஒட்டினேன்: ‘நீலக் கோட்டின் தலையோடு வெட்டி, அடித் துண்டை மஞ்சள் டப்பாவில் போடவும். விதிவிலக்கு இல்லை.’

உத்சுமி செய்ஜி வந்தது அதற்கு நாலு வருடம் கழித்து. இருபத்தொன்பது வயது, ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரம், வாசற்படிகளில் தலை இடித்துக்கொண்டே இருப்பார். ஊர் தொத்தோரி, அப்பாவுக்குப் பேரிக்காய்த் தோட்டம். எங்களிடம் மூன்று வருட ஒப்பந்தம். எங்கள் தலைவர் ஹோரியே-சென்செய் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடை காட்டினால் நிரந்தர வேலைக்குச் சிபாரிசு. காட்டாவிட்டால் மூன்றாவது மார்ச்சில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். முப்பத்திரண்டு வயதில் கையில் ஒன்றும் இல்லாத ஒருவரை எங்கள் துறையில் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள்.

அந்தக் கேள்வி என்ன என்று நான் சொல்வதைவிட, ஒரு மதிய நேரம் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிஷிவாகி-சான்தான் ஆரம்பித்தார்.

“உத்சுமி-சான், இத்தனை பிலிம் போடறீங்க. என்னதான் தேடறீங்க? சொன்னா நானும் ஒரு கண்ணு வெச்சுப்பேன்ல.”

“குப்பையைத் தேடறேன்.”

“அதுக்கு என்னைக் கேட்டிருந்தா போதுமே. மூணாவது மாடிக் குப்பை எல்லாம் எனக்கு அத்துப்படி.”

“இது பாக்டீரியா வீட்டுக் குப்பை. கேளுங்க. செல்லுக்குள்ள செஞ்ச புரதம் வெளியே போகணும்னா அதோட தலையில ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் சவ்வு வழி விடும். தாண்டினதும் ஒரு நொதி அந்தச் சீட்டை வெட்டிடும். புரதம் பாட்டுக்குப் போயிடும். சீட்டு?”

“ஸ்டேஷன் வாசல்ல டிக்கெட்டை வாங்கிக்கற மாதிரி வாங்கிப்பாங்க.”

“வாங்க ஆள் இல்லையே. அந்தச் சீட்டு எண்ணெய்ப் பசை, சவ்வும் எண்ணெய். ரெண்டும் ஒட்டிக்கும். வெட்டி விட்ட சீட்டு எல்லாம் சவ்வுக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்கும். நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் விழுதுன்னு நினைக்கறீங்க? சவ்வு அடைச்சுப் போயிருக்கணும். போகலை. அப்ப யாரோ அதைச் சுத்தம் பண்றாங்கதானே?”

“என்னை மாதிரி ஒருத்தி.”

“அதேதான். சவ்வுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு, அங்க சிக்கின சீட்டை நறுக்கறது. அது எந்த நொதின்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அதை எடுத்துட்ட பாக்டீரியாவுல சீட்டு அப்படியே தேங்கணும். தேங்கினதை ஒரே ஒரு பட்டையாப் பார்த்துட்டேன்னா போதும்.”

“பார்க்கலைன்னா?”

“பேரிக்காய்” என்றார் உத்சுமி. இருவரும் சிரித்தார்கள்.

அவர் குறிவைத்த நொதி லேசுப்பட்டதல்ல. அது இல்லாவிட்டால் பாக்டீரியா செத்துப்போகும். இன்னொரு மரபணுவையும் கெடுத்துவைத்தால்தான் நோயாளி மாதிரி மெல்ல மெல்ல வளரும். உத்சுமி எட்டு மாதம் போராடி அப்படி ஒரு வகையை வளர்த்தார். பிறகு ஜெல் மேல் ஜெல்லாக ஓட்டினார். புரதங்கள் பட்டைபட்டையாக அழகாக விழுந்தன. சீட்டு மட்டும் எங்கேயும் இல்லை. அவர் கணக்குப்படி அது நீலக் கோட்டுக்கு நன்றாக மேலேயே நிற்க வேண்டும். அந்த இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். வெறும் பிலிம்.

“இன்னைக்கும் குப்பை இல்லை” என்று சொல்லி நிஷிவாகி-சான் பிலிமை அவர் மேசையில் வைப்பார். “ரொம்ப சுத்தமான வீடு போல.” முதலில் அது கிண்டலாக இருந்தது. இரண்டாவது வருடத்தில் அந்தக் கிண்டல் நின்றுபோனது. பிலிமை வைத்துவிட்டு, பக்கத்தில் உப்புப் பிளம் வைத்த ஒரு சோற்று உருண்டையையும் வைத்துவிட்டுப் போவார். அவருக்கு உத்சுமியைப் பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில், அவர் கை செய்கிற வேலை எதற்காக என்று உட்கார்ந்து சொன்ன ஒரே ஆள் உத்சுமிதான். நான் சொன்னதில்லை. அவர் கேட்கவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு.

மூன்றாவது ஜனவரியில் நிஷிவாகி-சான் என் அறைக்கு வந்தார். கையில் கையுறை, கையுறைக்கு மேலே ஸ்கேல்.

“கிதாவோ-சான், உத்சுமி-சான் இன்னைக்கு ஒரு ஜெல்லை மட்டும் அடி வெட்டாம காயவைக்க முடியுமான்னு கேக்கறார்.”

“எதுக்கு?”

“சீட்டு ஒருவேளை இன்னும் கீழே ஓடிட்டிருக்குமோன்னு. நல்லா கழுவின சாம்பிளாம், கதிர் அதிகம் இருக்காதாம்.”

மறு வாரம் அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. பூட்டிய கதவும், நாலு அலுவலகங்களில் நான் குனிந்து நின்றதும் எனக்கு நினைவுக்கு வந்தன.

“சுவர்ல என்ன எழுதியிருக்கு?” என்றேன்.

“விதிவிலக்கு இல்லைன்னு.”

“அப்புறம் என்ன? ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க. கணக்குப் போட்டுத்தானே ஓட்டறார், கணக்கு மேலே இருக்கும்னா மேலேதான் இருக்கும். வெட்டுங்க.”

அவர் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். உத்சுமியிடம் போய், “வேணாம் உத்சுமி-சான், உலர்த்தி அழுக்காயிடும், எனக்குத்தான் அப்புறம் வேலை” என்று தன் மேல் போட்டுச் சொல்லியிருக்கிறார். என்னையும் உத்சுமியையும் மோதவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். எங்கள் ஊரில் அதை நல்ல குணம் என்று சொல்வார்கள்.

உத்சுமி மறுபடி கேட்கவில்லை. ஜெல் எண் நாற்பத்தொன்றோடு மார்ச் வந்தது. வழியனுப்பு விருந்தில் அவர் எழுந்து நின்று, “மூணு வருஷம் எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன். நான் நினைச்சது தப்புன்னு இப்ப தெரிஞ்சுது. அதுவும் ஒரு விடைதான்” என்றார். கை தட்டினோம். நிஷிவாகி-சான் மட்டும் தட்டவில்லை, தட்டில் இருந்த வறுத்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் உத்சுமி ஊருக்குப் போய்விட்டார். அவர் வளர்த்த அந்த நோயாளி பாக்டீரியாக்கள் எங்கள் உறைபெட்டியில், அவருடைய கோணல் எழுத்தில் பெயர் எழுதிய குழாய்களில் கிடந்தன.

இரண்டு வருடம் ஓடியது. ஒரு வசந்த காலத்தில், வேறொரு நாட்டு ஆய்வகம் அதே கேள்விக்கு விடை எழுதி வெளியிட்டது. உத்சுமி சந்தேகப்பட்ட அதே நொதி. அது இல்லாத செல்களில் வெட்டப்பட்ட சீட்டுகள் தேங்குகின்றன. ஆதாரம், ஒரு பிலிமின் படம். படத்தைப் பார்த்ததும் என் முகத்தில் ஈயாடவில்லை. எண்ணெய்ப் பசையுள்ள துண்டுகள் தங்கள் அளவுக்கு மீறி வேகமாக ஓடுகின்றன என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். பட்டை நீலக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

கட்டுரையை நகல் எடுக்கக் கொடுத்தது நிஷிவாகி-சானிடம். அவருக்கு ஆங்கிலம் வராது. நகல் இயந்திரத்தின் பக்கத்தில் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் காபி எடுக்கப் போவதுபோல் போனேன்.

“இவங்க அடியை வெட்டலை” என்றார்.

“ம்.”

“இது உத்சுமி-சானோடதுதானே?”

“அதே மாதிரி ஒண்ணு.”

அவர் நகல்களை ஓரம் பார்த்து அடுக்கி, கிளிப் போட்டு, எல்லோர் மேசையிலும் வைத்தார்.

ஆகஸ்டில் இறந்தவர்களை நினைக்கிற வாரம் விடுமுறை. ஆய்வகம் காலி. அதற்கு முன்தினம் ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். கதிரியக்கப் பொருள் எடுக்க என் முத்திரை வேண்டும். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும். முத்திரை வைத்துக்கொடுத்தேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

உறைபெட்டியிலிருந்து உத்சுமியின் குழாய்களை எடுத்து, அவர் நோட்டில் இருந்தபடியே நாற்பத்திரண்டாவது ஜெல்லை நிஷிவாகி-சான் தனியாக ஓட்டினார். இருபத்துமூன்று வருடத்தில் தனக்காக அவர் செய்த ஒரே சோதனை. அடியை வெட்டவில்லை. விடுமுறை முடிந்து நான் வந்த காலையில் அந்த பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நொதி உள்ள செல்களின் வரிசையில் அடியில் ஒன்றும் இல்லை. நொதி இல்லாத வரிசையில், நீலக் கோடு நின்ற இடத்துக்குக் கீழே, கறுப்பாக, தடியாக, சந்தேகமே இல்லாமல் ஒரு பட்டை.

“இருந்துச்சு” என்றார். “நாப்பத்தொரு தடவையும் இருந்துச்சு. நான் மஞ்ச டப்பாவுல போட்டேன்.”

“உங்க தப்பு இல்லை, நிஷிவாகி-சான். விதி அது.”

“கை என்னோடது.”

“இப்ப தோண்டி என்ன ஆகப்போவுது? அவருக்கு அங்க வாழ்க்கை ஓடிட்டிருக்கு. விட்டுடுங்க.”

“வர்ற சனிக்கிழமை தொத்தோரிக்குப் போறேன்” என்றார். “இனிப்புப் பெட்டி வாங்கியாச்சு.” எங்களிடையே மன்னிப்பு என்றால் நேரில் போக வேண்டும், கட்டிய பெட்டியோடு போக வேண்டும், கடிதம் செல்லாது. பிறகு, என்னைப் பார்க்காமல், “நீங்களும் வர்றீங்களா?” என்று கேட்டார்.

“மாணவர்களோட ஆய்வேடு திருத்தணும்” என்றேன்.

“ஆமா, அது வேற இருக்கு” என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

திங்கட்கிழமை வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். “பேரிக்காய் வெட்டிக் குடுத்தாங்க. நல்ல இனிப்பு” என்றார். அவ்வளவுதான். அந்த வாரத்திலிருந்து ஜெல் பக்கம் அவர் போகவில்லை. கை நடுங்குகிறது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றார். கை நடுங்கவில்லை, நான் பார்த்தேன். மறுபடியும் தொட்டிக்கு முன்னால் நின்று குடுவை கழுவ ஆரம்பித்தார், முதல் வருடம் போல. ஜன்னலோரம் தனியாகச் சாப்பிட்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும்தான்.

இரண்டரை வருடம் கழித்து, ஒரு பிப்ரவரியில், வயிற்றில் புற்றுநோய் வந்து இறந்துபோனார். கண்டுபிடித்ததே கடைசியில். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனேன். வானிலை பேசினோம்.

சடங்குக்கு ஆள் அதிகம் இல்லை. மைசுருத் தம்பி, ஆய்வகத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர். எரியூட்டும் கூடத்தின் வாசலில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தது உத்சுமி. வெயிலில் கறுத்து, கழுத்து தடித்து, கையெல்லாம் வெட்டுக் காயம். அந்தந்த வருடத்துக்கு உரிய மிருகத்தின் படம் போட்டு அனுப்புகிற புது வருட அட்டைகளில் முகவரி பார்த்துத் தம்பிதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

உடல் எரிந்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். காத்திருக்கும் அறையில் எங்கள் இருவருக்கும் நடுவே பார்லி டீ ஆறிக்கொண்டிருந்தது. உத்சுமி தாமாகவே பேச ஆரம்பித்தார்.

“அவங்க எங்க வீட்டுக்கு வந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பெட்டியையும் பிலிமையும் பாயில வெச்சுட்டு நெத்தியைத் தரையில வெச்சுட்டாங்க. ‘அடியை வெட்டினது என் கைப்பழக்கம். யாரும் சொல்லலை, நானாத்தான் செஞ்சேன்’னாங்க. எழுந்திருக்கவே இல்லை. நான் பிலிமை எடுத்து ஜன்னல்ல பிடிச்சுப் பார்த்தேன்.” கோப்பையை ஒரு சுற்று சுற்றினார். “நான் அப்ப சொன்னதை உங்களுக்குச் சொல்றேன். ‘இதை ஏன் கொண்டாந்தீங்க? நான் தப்புன்னு நினைச்சுத்தான் தோட்டத்துல இறங்கினேன். தப்பான ஆளா இருக்கறது எனக்குப் பழகிப்போச்சு. இப்ப வந்து நான் நினைச்சது சரின்னு சொன்னா, நான் இனிமே எப்படிங்க மரம் கவாத்து பண்றது?’ன்னேன். கத்தலை. மெதுவாத்தான் சொன்னேன். கத்தியிருந்தா தேவலை.”

“அவங்க?”

“மறுபடி நெத்தியைத் தரையில வெச்சாங்க. எங்கம்மா ஒண்ணும் தெரியாம பேரிக்காய் வெட்டிக் கொண்டாந்தாங்க. ஒரு துண்டு விடாம சாப்பிட்டாங்க. மரியாதைக்கு.”

கோப்பையைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். “அந்த விதி என்னோடது. அந்த ஜனவரி அவங்க என்கிட்ட வந்து கேட்டாங்க. நான்தான் வெட்டச் சொன்னேன்.”

“தெரியும்” என்றார் உத்சுமி. “கதவுக்கு வெளியே நின்னுட்டிருந்தேன். நீங்க பேசினது கேட்டுது.”

“அப்ப அன்னைக்கு அவங்ககிட்ட ஏன் சொல்லலை? உங்க தப்பு இல்லைன்னு.”

“அவங்க தன் மேல போட்டுக்கிட்டதும் எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. கோபப்பட ஒரு ஆள் எதிர்ல இருந்தாங்க.” கோப்பையைத் தள்ளி வைத்தார். “நானே ஒரு ஞாயித்துக்கிழமை வந்து, ஒரே ஒரு ஜெல்லை வெட்டாம காயவெச்சிருக்கலாம். யார் தடுத்தா? ஹோரியே-சென்செய் சிபாரிசு போயிடுமோன்னு பயம். அதையும் அவங்ககிட்ட சொல்லலை. ஒவ்வொரு புது வருஷமும் அட்டையை எடுத்தா நாலு வார்த்தை எழுதணும்னுதான் உக்காருவேன். குதிரை வருஷம் குதிரைப் படம் போட்டு அனுப்பினேன். ஆட்டு வருஷம் ஆடு. இந்த ஜனவரி குரங்கு. ‘உடம்பைப் பார்த்துக்கோங்க’ன்னு எழுதினேன், அவங்க ஆஸ்பத்திரில கெடந்தது தெரியாம.”

நானும் இரண்டு முறை வானிலை பேசிவிட்டு வந்ததை அவரிடம் சொல்லவில்லை. அதற்குள் எலும்பு எடுக்க உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

எரிந்து மிஞ்சிய எலும்புகளோடு தட்டு உலையிலிருந்து வெளியே வந்திருந்தது. இன்னும் சூடு அடித்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை மெலிந்திருந்தவருடைய எலும்பு அப்படி வெள்ளையாக, உறுதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கறுப்பு உடுத்திய ஊழியர் ஆளுக்கு ஒரு ஜோடி நீளக் குச்சிகளைக் கொடுத்தார். ஒரு எலும்பை இரண்டு பேர் சேர்ந்துதான் எடுக்க வேண்டும், காலிலிருந்து தொடங்கித் தொண்டை எலும்பில் முடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எலும்பு வைக்கிற ஜாடி சின்னது, எல்லாவற்றையும் எடுப்பதில்லை. மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இது குடும்பத்தார் செய்வது. தம்பிக்குத் துணைக்கு ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா அழுதுகொண்டு பின்வாங்கிவிட்டார்.

“நீங்கதான் கூட இருந்தவங்க” என்று தம்பி எங்களைப் பார்த்தார். “கடைசி வரைக்கும் லேபைப் பத்தித்தான் பேசுவா. எல்லாரும் நல்லவங்கம்பா.”

அதைக் கேட்டு நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். உத்சுமியும் தரையைத்தான் பார்த்தார். தம்பி ஒரு மாணவனோடு கால் எலும்பை எடுத்து வைத்தார். அடுத்தது கை. ஊழியர் எங்கள் இருவரையும் எதிரெதிரே நிற்கச் சொன்னார். வலது மணிக்கட்டுக்கு மேலே ஒரு சிறிய துண்டு. அவருடைய குச்சி ஒரு முனையைப் பிடித்தது, என்னுடையது மறுமுனையை. தூக்கினோம். எடையே இல்லை. நான் அவசரமாக ஜாடிப் பக்கம் திரும்பினேன்.

“மெதுவா, கிதாவோ-சான்” என்றார் உத்சுமி.

ஜாடியில் வைத்தோம். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, நான்கு மணி ரயிலுக்குப் போய்விட்டார்.